ரெய்டு: பல வன்தட்டுகளை ஒன்றாக இணைக்கும் சேமிப்பு முறை

ரெய்டு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வன்தட்டுகளைப் பிணைத்து, கணினிக்கு ஒரே தட்டு போலக் காட்டும் தரவுச் சேமிப்பு முறையாகும். தரவைப் படிக்கும், எழுதும் வேகத்தைக் கூட்டுவது, ஒரு தட்டு பழுதானாலும் தரவு அழியாமல் காப்பது என இரண்டு நோக்கங்களில் ஒன்றுக்காகவோ இரண்டுக்குமாகவோ இது பயன்படுகிறது. தமிழ்ச் செய்தித்தாள்களில் ரெய்டு என்றால் வருமான வரிச் சோதனை. அந்தச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரிடன்டன்ட் அரே ஆஃப் இனெக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர் இது. மலிவான தட்டுகளின் மிகைமை கொண்ட அணி என்பது அதன் பொருள். பின்னாளில் 'மலிவான' என்பதற்குப் பதிலாகத் 'தனித்தனியான' என்னும் பொருளுடைய இன்டிபென்டன்ட் என்ற சொல்லைத் தொழில்துறை வழக்கமாக்கிக் கொண்டது.

வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் முதலியவற்றின் சர்வர்களில் ரெய்டு நெடுங்காலமாக இருந்துவருகிறது. இப்போது சிறிய நிறுவனங்களும் தனியாரும் தட்டுகளை அடுக்கிச் சேமிக்கும் நிலை வந்துவிட்டது. ஓலைச்சுவடி, பழைய நூல், கல்வெட்டு மைப்படி, கோயில் ஒளிப்படம் ஆகியவற்றை எண்ணிம வடிவில் மாற்றும் பணிகள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பரவலாக நடப்பது இதற்கு ஒரு காரணம். இவற்றில் பலவற்றுக்கு மூலம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மூலம் சிதைந்த பிறகு கணினியில் உள்ள படமே எஞ்சும். அந்தப் படம் எந்தத் தட்டில், எத்தனை தட்டுகளில் இருக்கிறது என்பது அப்போது தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் இராது.

தோற்றம்

பழுதான நினைவகப் பகுதியில் இருந்த தரவை மற்ற பகுதிகளிலிருந்து மீட்டெடுக்கும் கருத்து 1970களிலேயே இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் நார்மன் கென் ஔச்சி 1978இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ரெய்டு என்ற பெயரும் அதன் படிநிலைகளும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்தவை. டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் அவை முன்வைக்கப்பட்டன.

அன்று பெருங்கணினிகளுக்கான தட்டுகள் விலை மிகுந்தவை, உருவிலும் பெரியவை. மறுபுறம் தனியாள் கணினிகளுக்காகச் சிறிய, மலிவான தட்டுகள் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. 7,500 மெகாபைட் கொள்ளளவு கொண்ட ஐ.பி.எம். 3380 தட்டுக்குப் பதிலாக 100 மெகாபைட் சிறு தட்டுகள் 75ஐ அடுக்கினால் என்ன என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கொள்ளளவு சமமாகிவிடும், எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வேகம் பல மடங்கு கூடும்.

சிக்கல் நம்பகத்தன்மையில் இருந்தது. ஒரு சிறு தட்டு பழுதின்றி இயங்கும் சராசரி நேரம் 30,000 மணி, அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல். நூறு தட்டுகளை அடுக்கினால் அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாவதற்கான சராசரி நேரம் 300 மணியாகக் குறைந்துவிடுகிறது. அது இரண்டு வாரம்கூட இல்லை. ஆகவே மிகைமை, அதாவது தரவோடு கூடுதலாகச் சேர்த்து வைக்கும் மீட்புத் தகவல், வசதிக்காகச் சேர்க்கப்பட்ட ஒன்றன்று. அது இல்லாமல் மலிவுத் தட்டுகளின் அணி பயன்படவே பயன்படாது. தட்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்ற இந்த எளிய கணக்கை இன்றும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படிநிலைகள்

1988ஆம் ஆண்டுக் கட்டுரை 1 முதல் 5 வரையான படிநிலைகளை விவரித்தது. 0, 6 ஆகியவை பின்னர் சேர்ந்தன. இவற்றுள் 2, 3, 4 ஆகியவை இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. நடைமுறையில் காணப்படுபவை 0, 1, 5, 6, 10 ஆகியவையே.

ரெய்டு 0 தரவைத் துண்டுகளாக்கித் தட்டுகளில் மாறி மாறி எழுதுகிறது. முதல் துண்டு முதல் தட்டில், இரண்டாவது துண்டு இரண்டாவது தட்டில் என்று போகும். இதைப் பட்டையிடல் என்பர். பெரிய கோப்பை ஒரே வீச்சில் படிக்கும்போது இரண்டு தட்டுகளின் வேகமும் கூடிக் கிடைக்கும். ஆனால் இதில் மிகைமை சிறிதும் இல்லை. ஒரு தட்டு போனால் எல்லாம் போயிற்று. இடையிடையே துண்டுகள் இல்லாத கோப்புகளால் பயன் இல்லை. ரெய்டு என்ற பெயரில் உள்ள மிகைமை இதற்குக் கிடையாது என்பதால் இதை ரெய்டு என்று அழைப்பதே சற்று விசித்திரம். திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டுமே இது ஏற்றது.

ரெய்டு 1 இதற்கு நேர்மாறு. ஒரே தரவு இரண்டு தட்டுகளிலும் அப்படியே எழுதப்படும். 4 டெராபைட் தட்டுகள் இரண்டு வாங்கினால் பயன்படுத்தக் கிடைப்பது 4 டெராபைட் மட்டுமே. பாதி இடம் வீண் என்று தோன்றும். ஆனால் இதைவிட எளிமையான அமைப்பு வேறில்லை. ஒரு தட்டு பழுதானால் மற்றொன்றில் முழுத் தரவும் படிக்கக்கூடிய வடிவில் இருக்கும். ரெய்டு 10 என்பது இத்தகைய இரட்டைகள் பலவற்றின் மீது பட்டையிடல். நான்கு 4 டெராபைட் தட்டுகளில் 8 டெராபைட் கிடைக்கும். தரவுத்தளங்கள் போலச் சிறு சிறு எழுத்துப்பணிகள் மிகுந்த இடங்களில் இது விரும்பப்படுகிறது.

ரெய்டு 5 இடத்தை மிச்சப்படுத்துகிறது. நான்கு 4 டெராபைட் தட்டுகளில் 12 டெராபைட் தரவுக்குக் கிடைக்கும். ஒரு தட்டின் அளவு இடம் மட்டும் பாரிட்டி எனப்படும் ஒற்றை-இரட்டைச் சரிபார்ப்புத் தகவலுக்குச் செல்லும். அந்தத் தகவல் ஒரே தட்டில் குவியாமல் எல்லாத் தட்டுகளிலும் சுழற்சி முறையில் பரவியிருக்கும். முழுப் பிரதி இல்லாமலேயே இழந்த தட்டை மீட்க முடிவது இதனால்தான்.

பாரிட்டி எப்படி வேலை செய்கிறது

'நகர' என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் இவற்றின் குறியெண்களின் கடைசி 8 பிட்டுகள் வருமாறு:

ந: 10101000
க: 10010101
ர: 10110000

மூன்றும் மூன்று தட்டுகளில் இருக்கின்றன. நான்காவது தட்டில் பாரிட்டி. அதைக் கணக்கிடும் விதி எளியது. ஒவ்வொரு நெடுவரிசையிலும் 1 எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படையானால் 1, இரட்டைப்படையானால் 0. முதல் நெடுவரிசையில் மூன்று 1 உள்ளன, எனவே 1. மூன்றாவதில் இரண்டு, எனவே 0. இவ்வாறு கிடைக்கும் பாரிட்டி 10001101.

இப்போது 'க' இருந்த தட்டு பழுதாகிவிட்டது என்க. எஞ்சிய மூன்று தட்டுகளில் இருப்பவை 10101000, 10110000, 10001101. இவற்றுக்கும் அதே விதியைப் பயன்படுத்தினால் கிடைப்பது 10010101. அதுவே தொலைந்த 'க'. நான்கில் எந்த ஒன்று போனாலும், பாரிட்டித் தட்டே போனாலும், மற்ற மூன்றிலிருந்து அதைத் திரும்ப எழுதிவிடலாம். இரண்டு போனால் முடியாது. ஒரு சமன்பாட்டில் தெரியாத எண் ஒன்றுதான் இருக்கலாம் என்பது பள்ளிக் கணக்கில் படித்ததே.

இரண்டு தட்டுகள் ஒரே சமயத்தில் போனாலும் தாங்குவது ரெய்டு 6. அதற்கு இரண்டாவது சமன்பாடு ஒன்று தேவை. இர்விங் ரீடு, குஸ்டாவ் சாலமன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறை பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. குறுந்தகடுகளில் கீறல் விழுந்தாலும் பாட்டு கேட்பதற்குக் காரணமும் அந்தக் குறிமுறையே. நான்கு 4 டெராபைட் தட்டுகளில் ரெய்டு 6 அமைத்தால் 8 டெராபைட் கிடைக்கும்.

பாரிட்டிக்கு ஒரு விலை உண்டு. ரெய்டு 5இல் ஒரு சிறு துண்டை மாற்றி எழுத, பழைய துண்டையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதிய துண்டையும் புதிய பாரிட்டியையும் எழுத வேண்டும். ஒரு வேலைக்கு நான்கு வேலை. ரெய்டு 6இல் அது ஆறு.

வேகம் பற்றிய எதிர்பார்ப்பு

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒன்று விநாடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. தேவையான இடம் படிப்பு முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவிநாடிக்குச் சற்று மேல் காத்திருக்க வேண்டும். முனை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் அங்குமிங்கும் சிதறிய சிறு கோப்புகளை விநாடிக்கு நூறுகூடப் படிக்க முடியாது. தட்டுகளைக் கூட்டினால் இது ஓரளவு மேம்படும். என்றாலும் சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்றே இந்த வகையில் பல வன்தட்டுகளின் அணியை விஞ்சிவிடும். வேகம் மட்டுமே நோக்கமானால் இன்று ரெய்டு தேடிப் போவது பெரும்பாலும் வீண்.

இன்னொன்று, அடிக்கடி கவனிக்கப்படாதது: அலுவலகத்தில் சேமிப்புப் பெட்டியும் கணினிகளும் 1 ஜிகாபிட் வலையமைப்பால் இணைந்திருந்தால், விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் அந்தக் கம்பியில் செல்லாது. தற்கால வன்தட்டு ஒன்றே அதை நிரப்பிவிடும். நான்கு தட்டுகளைப் பட்டையிட்டு வைத்தாலும் பயனருக்கு வேறுபாடு தெரியாது.

மறுகட்டமைப்பு என்னும் ஆபத்தான காலம்

தட்டு ஒன்று பழுதான பிறகும் அணி இயங்கிக்கொண்டே இருக்கும். பழுதானதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால், எஞ்சிய தட்டுகளை முழுவதும் படித்துப் புதியது நிரப்பப்படும். இதுவே மறுகட்டமைப்பு. 20 டெராபைட் தட்டு ஒன்றை விநாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அணி அன்றாட வேலையையும் செய்துகொண்டிருந்தால் சில நாட்கள்கூட ஆகலாம்.

அந்த நேரம் முழுதும் ரெய்டு 5 அணிக்குப் பாதுகாப்பு இல்லை. எஞ்சிய தட்டுகளோ வழக்கத்தைவிடக் கடுமையாக உழைக்கின்றன. அவை பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்கப்பட்டவை. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வரும் காலம் நெருங்கியிருக்கும். மேலும், சாதாரண வன்தட்டுகள் பலவற்றின் விவரக்குறிப்பில் கோடி கோடி பிட்டுகளைப் படிக்கையில் ஒரு முறை படிக்க முடியாமல் போகலாம் என்று உற்பத்தியாளர்களே எல்லை குறிக்கிறார்கள். அது ஏறத்தாழ 12.5 டெராபைட். 4 டெராபைட் தட்டுகள் நான்கு கொண்ட ரெய்டு 5 அணியை மறுகட்டமைக்கப் படிக்க வேண்டியது 12 டெராபைட். நடைமுறையில் தட்டுகள் இந்த எல்லையைவிட நன்றாகவே செயல்படுகின்றன என்றாலும், பெரிய தட்டுகளுக்கு ரெய்டு 5 வேண்டாம், ரெய்டு 6 அல்லது ரெய்டு 10 அமைக்கலாம் என்று வல்லுநர்கள் கூறுவதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

மின்தடை வேறொரு தொல்லை. தரவுத் துண்டு எழுதப்பட்டு, அதற்கான பாரிட்டி எழுதப்படுவதற்குள் மின்சாரம் நின்றால் இரண்டும் பொருந்தாமல் போகும். உடனே யாருக்கும் தெரியாது. பின்னொரு நாள் தட்டு பழுதாகி, தவறான பாரிட்டியைக் கொண்டு மீட்கும்போது தவறான தரவு வெளிப்படும். யு.பி.எஸ். இல்லாமல் ரெய்டு 5 வைத்திருப்பது பூட்டில்லாத பெட்டகம் வாங்குவதற்கு ஒப்பு. மின்கலம் பொருத்திய கட்டுப்படுத்தி அட்டைகளும், 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைமைகளும் இதற்குத் தீர்வு தருகின்றன. இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறது. சாதாரண ரெய்டு 1இல் இரண்டு பிரதிகளும் வேறுபட்டால் எது சரி என்று அணிக்குத் தெரியாது. சரிபார்ப்பு எண் இருந்தால் தெரியும்.

ரெய்டு காப்புநகல் ஆகாது

ரெய்டு பற்றிய மிகப் பரவலான தவறான எண்ணம், அது இருந்தால் காப்புநகல் வேண்டாம் என்பது. ரெய்டு காப்பது ஒரே ஒரு இடரிலிருந்துதான்: தட்டு பழுதாவது. பயனர் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் அதே விநாடியில் இரண்டு தட்டுகளிலும் அது அழியும். பணம் கேட்கும் ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டினால் பாரிட்டியும் பூட்டப்பட்ட கோப்புக்கே ஒழுங்காகக் கணக்கிடப்படும். திருட்டு, தீ, இடி, வெள்ளம் ஆகியவற்றுக்கு ஒரே பெட்டிக்குள் இருக்கும் நான்கு தட்டுகளும் ஒன்றே.

இந்த வேறுபாட்டைச் செஞ்சிப் பகுதியில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். செஞ்சிக்கு அருகே, பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் கோயிலால் அறியப்படும் ஊர் சிங்கவரம். அதை ஒட்டிய திருநாதர்குன்றில் பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைக் குறிக்கும் தொன்மையான கல்வெட்டும் அங்கு உள்ளது. 'ஐ' என்ற உயிரெழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று அதில் காணப்படுவதாகக் குறிப்பிடப்படுவதால் தமிழ் எழுத்து வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

பாறை எவ்வளவு உறுதியானதானாலும் அது ஒரே பிரதிதான். அதே குன்றில் அதே வாசகத்தைப் பத்து முறை வெட்டி வைத்திருந்தால் ஓர் எழுத்து உதிரும்போது இன்னொன்றைப் பார்த்துப் படிக்கலாம். அது ரெய்டு செய்யும் வேலை. ஆனால் குன்றையே கல் குவாரிக்காக உடைத்தால் பத்தும் ஒன்றாகப் போகும். கல்வெட்டாய்வாளர்கள் செய்தது வேறு. கல்வெட்டின் மீது ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி மைப்படி எடுத்து, அதை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். இந்தியத் தொல்லியல் துறை எடுத்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் ஆயிரக்கணக்கில் மைசூரில் சேர்ந்தது இப்படித்தான். கோயில் திருப்பணியிலும் கட்டடம் இடிந்ததிலும் மறைந்த கல்வெட்டுகள் சிலவற்றுக்கு இன்று மைப்படியே சான்று. அது காப்புநகல் செய்யும் வேலை. ஒரு லட்சம் கல்வெட்டுகளை முதற்கட்டமாக எண்ணிம வடிவில் மாற்றும் திட்டத்தை இந்திய அரசு 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. அந்தப் படங்களுக்கும் இந்த இரண்டு வகைப் பாதுகாப்பும் தனித்தனியே தேவைப்படும்.

ஓரிடத்தில் குவிந்த சேமிப்பு என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றில் கசப்பான சான்று உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு இல்லாமல் போயின. ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் திரட்டும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்த நினைவும் உண்டு.

காப்புநகலுக்கு 3-2-1 என்ற விதி வழக்கத்தில் உள்ளது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதைப் பரப்பினார். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்பது அதன் பொருள். ரெய்டு அணியில் எத்தனை தட்டுகள் இருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒரு பிரதிதான்.

சிறிய சேகரிப்புக்கு எது பொருந்தும்

ஒரு சுவடிக் கட்டில் 100 ஓலைகள், ஓலைக்கு இரண்டு பக்கம், ஒரு படம் 100 மெகாபைட் என்று கொண்டால் ஒரு கட்டுக்கு 20 ஜிகாபைட் ஆகும். 200 கட்டுகள் கொண்ட சேகரிப்புக்கு 4 டெராபைட். உள்ளூர் நூலகமோ தனியார் சேகரிப்போ பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் இருக்கும். இதற்கு நான்கு தட்டு ரெய்டு 5 பெட்டி தேவையில்லை. 8 டெராபைட் தட்டுகள் இரண்டில் ரெய்டு 1 அமைத்து, மிஞ்சும் பணத்தில் வெளித்தட்டு இரண்டு வாங்கி, ஒன்றை அலமாரியிலும் மற்றொன்றை வேறு ஊரிலும் வைப்பது மேல். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ரெய்டை விட்டுவிட்டு வேறு ஊரில் வைக்கும் தட்டை வாங்க வேண்டும். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே வாடிக்கையாளர் காத்திருப்பதால், தட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கு ரெய்டு 1 தரும் பயன் கூடுதல்.

தட்டுகளை வாங்கும்போது ஒரே தொகுதி எண் கொண்டவற்றைத் தவிர்ப்பது நல்லது. எஸ்.எம்.ஆர். என்ற முறையில் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று எழுதும் மலிவுத் தட்டுகள் மறுகட்டமைப்பின்போது மிக மெதுவாகிவிடும். ரெய்டுக்கு அவை ஏற்றவையல்ல. லினக்ஸ் இயங்குதளத்தில் ரெய்டு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டுப்படுத்தி அட்டை பழுதானால் அதே மாதிரி அட்டை தேடி அலைய வேண்டிய தொல்லை அதில் இல்லை.

பெரும் தரவு மையங்களில் இதே கருத்து தட்டுகளிலிருந்து முழுக் கணினிகளுக்கு நகர்ந்துவிட்டது. கூகுள் பொறியாளர்கள் 2003இல் விவரித்த கோப்பு முறைமை ஒவ்வொரு துண்டையும் இயல்பாக மூன்று கணினிகளில் வைத்தது. ஃபேஸ்புக் 2014இல் விவரித்த எஃப்4 என்ற அமைப்பு ரீடு-சாலமன் குறிமுறையால் 10 துண்டுகளுக்கு 4 மீட்புத் துண்டுகளைச் சேர்த்து 14 இடங்களில் பரப்பியது. அவற்றில் எந்த 10 கிடைத்தாலும் போதும்.

சிறிய அணிகள் அழிவதற்குப் பொதுவான காரணம் இரண்டு தட்டுகள் ஒரே நாளில் பழுதாவதன்று. முதல் தட்டு பழுதானதை யாரும் கவனிக்காததே காரணம். அணி வழக்கம்போல இயங்கிக்கொண்டிருக்கும், பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், பெட்டியோ மேசைக்கு அடியில் இருக்கும். ஆகவே பழுதானால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பும்படி அமைத்துவிட்டு, ஒரு தட்டை வேண்டுமென்றே கழற்றி அந்தச் செய்தி உண்மையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தரவை நிரப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை எல்லாத் தட்டுகளையும் முழுவதும் படித்துச் சரிபார்க்கும் வசதி பெரும்பாலான அமைப்புகளில் உண்டு. அதை இயக்கி வைக்க வேண்டும். தட்டுகளின் மீது வரிசை எண்ணை ஒட்டி வைப்பதும் அவசியம். பழுதானதை விட்டு நன்றாக இருந்ததைப் பிடுங்கிவிட்டு முழு அணியையும் இழந்தவர்கள் உண்டு.